கௌரவ ஆயுள் உறுப்பினர்

ஈனிட் கார்ஸ்டேர்ஸுக்குக் கௌரவ ஆயுள் உறுப்பினர் பட்டம் கொடுக்கவேண்டும் என்று ஊலாயு எழுந்து சொன்னபோது, வடகரைச் செவிலியர் மன்றத்தின் செயற்குழுவில் இருந்த ஆறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஏழு வருஷமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவள். யாரையும் ஒரு வார்த்தை புகழ்ந்தவள் இல்லை. மற்றவர்கள் கொண்டுவரும் தீர்மானத்தில் ஓட்டை தேடுவதுதான் உன் பிழைப்பு என்று தலைவி லொரெய்ன் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

"எண்பது வயசாகுது அந்தம்மாவுக்கு," என்றாள் ஊலாயு. "நௌயாலிக் மருந்தகத்தை இருபத்தாறு வருஷம் தன்னந்தனியா நடத்தியிருக்காங்க. மொழிபெயர்க்க ஆள் வெச்சுக்காம, எங்க இனுயிட் பாஷையிலேயே பேசி வைத்தியம் பார்த்த வெள்ளைக்காரி அவங்க ஒருத்திதான். செத்தப்புறம் புகழறதைவிட இருக்கும்போதே புகழ்ந்துடலாமே."

லொரெய்னுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஊலாயு தன் குறிப்பேட்டை மூடிவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

அன்று சாயங்காலமே, வடதுருவத்துப் பக்கம் இருக்கிற அவள் சொந்த ஊரான நௌயாலிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. பிட்சியுலாக், ஊலாயுவின் செத்துப்போன கணவனின் தங்கை. ஊர் வானொலியை நடத்துகிறவள். காலையில் மன்றம் இருக்கிற இக்காலுயிட் நகரத்தில் ஒருவர் தும்மினால் மத்தியானத்துக்குள் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"மதினி, காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா உனக்கு?"

"இல்ல."

"அப்ப மூளை குழம்பிருச்சா? அந்தக் கிழவி பேரைச் சொன்னாலே காறித் துப்புவ. இப்ப நீயே பட்டம் கட்டப்போறியாமே. இங்க ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். எங்க மன்றத்தோட பதினாலாம் விதியை நீ படிச்சிருக்கியா?"

"நான் எதுக்கு உங்க விதியைப் படிக்கணும்? என் தலைவிதியையே இன்னும் படிச்சு முடிக்கல."

"விருந்துக்கு வா. வரும்போது பேச்சைப் பதிவு பண்ற பெட்டியையும் எடுத்துட்டு வா. உன் வானொலிக்கு ஆகும்."

"எதுக்குன்னு சொன்னாத்தான் வருவேன்."

"சாப்பாடு நல்லாயிருக்கும்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பதினான்காம் விதியை யாரும் படித்ததில்லை என்பதுதான் ஊலாயுவின் அதிர்ஷ்டம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஈனிட்மேல் அவள் முறைப்படி புகார் எழுதிப் போட்டாள். மூன்று வரியில் பதில் வந்தது. செல்வி கார்ஸ்டேர்ஸ் ஓய்வு பெற்றுப் பதிவேட்டிலிருந்து விலகிவிட்டார். உறுப்பினர் அல்லாதவரை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தங்கள் அக்கறைக்கு நன்றி. முதல் இரண்டு வரியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த நன்றிதான் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி யாருக்கு வேண்டும்? அவள் தேர்தலில் நின்று செயற்குழுவுக்குள் நுழைந்தாள். மற்றவர்கள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கூட்டங்களில் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தாள். பதினான்காம் விதி: கௌரவ ஆயுள் உறுப்பினரின் பெயர் பதிவேட்டில் ஏறும், உறுப்பினருக்கு உள்ள கடமைகள் எல்லாம் அவருக்கும் உண்டு. ஒன்பதாம் விதி: உறுப்பினர் ஒருவர் எந்தக் காலத்தில் செய்த தவறையும் மன்றம் விசாரிக்கலாம். இரண்டையும் எழுதிய புத்திசாலிகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஊலாயு பார்த்தாள். வெட்டப்போகிற கிடாவுக்கு முதலில் மாலை போடவேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. ஈனிட்டின் பெயரை அந்தப் புத்தகத்தில் ஏற்றி, எல்லோர் கண்ணெதிரிலும் அதே புத்தகத்திலிருந்து அடித்து நீக்கவேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போதே நடக்கவேண்டும். வேறு ஆசை ஊலாயுவுக்குக் கிடையாது.

காரணம் முப்பத்தைந்து வருஷத்துக் காரணம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். இலையுதிர் காலத்தில் முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஜனவரியில் அவள் அம்மா நிவியாக் நெஞ்சுச்சளி முற்றிப் படுத்துவிட்டாள். சாகிறதுக்கு முந்தின நாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அழாதே. அடுத்த பிள்ளையா நானே உன்கிட்ட வந்துர்றேன். பொண்ணோ பையனோ, என் பேரை வெச்சு அம்மான்னே கூப்பிடு."

இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு இல்லை. செத்தவரின் பெயரைப் பிறக்கிற பிள்ளைக்கு வைத்தால் செத்தவர் வந்துவிட்டார், அவ்வளவுதான். நௌயாலிக்கில் நரைத்த ஆண்பிள்ளைகள் மூன்று வயதுப் பெண்ணைப் பார்த்து 'வா அத்தை' என்பார்கள், அந்தக் குட்டியும் 'என்னடா மருமகனே' என்று அதிகாரமாகக் கேட்கும். பெயர் கிடைக்காத செத்தவர்தான் பாவம். அவர் வாசலில் நின்றுகொண்டே இருக்கவேண்டும்.

பிப்ரவரியில் ஊலாயுவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று மருந்தகத்துக்குப் போனாள். ஈனிட் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தாள். கை கழுவினாள். பிறகு, துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, சுத்தமான இனுயிட் பாஷையில் கேட்டாள்: "இனிமே உனக்குப் பிள்ளை வேண்டாமா?"

"ஆக்கா," என்றாள் ஊலாயு.

ஆக்கா என்றால் இல்லை. வேண்டாமா என்று கேட்டவளிடம் இல்லை என்றால், வேண்டாம் என்பது இல்லை, வேண்டும் என்று பொருள். வேண்டாம் என்று நினைக்கிறவள் ஆமாம் என்பாள். இந்த ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் அது தெரியும். இங்கிலீஷில்தான் எல்லாம் தலைகீழ். ஊலாயு 'வேணும், என் அம்மா வரப்போறா' என்ற நினைப்பில் அதைச் சொன்னாள். ஈனிட் தலையாட்டிவிட்டு ஒரு காகிதத்தில் எழுதினாள். இரண்டு நாளில் விமானத்தில் தெற்கே அனுப்பினார்கள். உள்ளே சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். மயக்கம் தெளிந்தபோது அடிவயிற்றில் தையல் இருந்தது.

அதற்கப்புறம் பிள்ளை இல்லை. ஒன்பது வருஷம் மாதாமாதம் எதிர்பார்த்து, மாதாமாதம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். தத்து எடுத்த இரண்டு பேரும் வரும்போதே வேறு பெயர்களோடு வந்தார்கள். பிட்சியுலாக்கே ஒருமுறை, "என் வயித்துல இருக்கறதுக்கு நிவியாக் பேரை வைக்கட்டா?" என்று கேட்டாள். "என்கிட்ட வர்றதாத்தான் அம்மா சொன்னா," என்று ஊலாயு மறுத்துவிட்டாள். பிடிவாதம்தான். இல்லை என்று யார் சொன்னது?

நர்ஸ் படிப்புக்கு ஏன் போனாய் என்று பேட்டி எடுக்கிறவர்கள் கேட்டால், மக்களுக்குச் சேவை செய்ய என்று சொல்லிவைப்பாள். உண்மையில் அந்தக் காகிதத்தைப் பார்க்கத்தான் போனாள். தன் வயிற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட ஒவ்வொரு தடவையும், நோயாளிகள் கோப்பைத் தொடக்கூடாது என்றார்கள். சரி, தொடக்கூடியவளாக ஆகிறேன் என்று போனாள். பயிற்சியின் மூன்றாம் வருஷத்தில், தெற்கு மருத்துவமனையின் கோப்பறையில், அவள் பெயர் தப்பாக எழுதிய ஓர் உறையில் அது கிடைத்தது. 'நோயாளியிடம் அவருடைய தாய்மொழியிலேயே கேட்கப்பட்டது. இல்லை என்று விடை. மேற்கொண்டு குழந்தை விரும்பவில்லை. கருத்தடை அறுவைக்குப் பரிந்துரை. ஈ. கார்ஸ்டேர்ஸ், பதிவு பெற்ற செவிலியர்.' ஊலாயு அதை நின்றபடியே நான்கு தடவை படித்தாள். பிறகு நகலெடுத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுக்கப் போனாள்.

விருந்து அக்டோபரில், விடுதியின் பெரிய கூடத்தில் நடந்தது. ஈனிட் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு, சக்கர நாற்காலியில் வந்தாள். உடம்பு ஒடிந்திருந்ததே தவிரக் கண் அப்படியே இருந்தது. ஊலாயு குனிந்து அவள் சட்டையில் வெள்ளிச் சின்னத்தைக் குத்தினாள். ஊசி சதையில் பட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ள மிகவும் பாடுபட்டாள்.

"உன்னை எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் ஈனிட், அதே சுத்தமான பாஷையில். "நிவியாக் மகள்தானே? பெரிய ஆளாயிட்ட."

"உங்க புண்ணியம்," என்றாள் ஊலாயு.

பதிவேட்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்ற வரிக்குக் கீழே ஈனிட் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பிட்சியுலாக் ஒரு கையில் மீனும் ஒரு கையில் ஒலிவாங்கியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதோடு முடிந்திருந்தாலே போதும். ஆனால் கிழவிக்குக் கைதட்டல் தலைக்கேறிவிட்டது. பாதிப் பேச்சை இனுயிட் பாஷையில் பேசினாள், கூட்டம் மயங்கியது. பிறகு ஒரு வேடிக்கைக் கதை சொன்னாள்.

"நான் வந்த முதல் வாரம். ஒரு தாத்தா பல்லைப் பிடிச்சிக்கிட்டு வந்தார். வலிக்கலையான்னு கேட்டேன். ஆக்கான்னார். சரி, வலிக்கலைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டேன். மறுநாள் கன்னம் பூசணிக்காயாட்டம் வீங்கி வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சார். வலிக்கலையான்னு கேட்டா ஆக்கான்னு சொன்னா வலிக்குதுன்னு அர்த்தம்டி கழுதைன்னார். அன்னிக்குக் கத்துக்கிட்டது. அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷத்துல அந்தத் தப்பை ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல."

கூடம் அதிரச் சிரித்தது. ஊலாயுவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிகிறவரை சிரித்தாள். இத்தனை நாள் அவளுக்குள் ஒரு மூலையில், ஒருவேளை இவள் தெரியாமல் செய்திருப்பாளோ என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தது. சனியன் அதையும் தன் வாயாலேயே துடைத்துவிட்டாள்.

"பதிவாச்சா?" என்று பிட்சியுலாக்கிடம் கேட்டாள்.

பிட்சியுலாக் சிரிக்கவில்லை. ஊலாயு சொன்ன அந்த 'ஆக்கா' எப்போதோ கேட்டது, இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. "ஆச்சு மதினி," என்றாள் மெதுவாக. "ஒவ்வொரு எழுத்தும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊலாயு செயற்குழுவிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தாள். ஒன்பது ஐந்துக்குப் புகாரைக் கொடுத்தாள். லொரெய்ன் இரண்டையும் படித்துவிட்டு முகம் சிவந்து போனாள்.

"நேத்து நீதானே அவங்களுக்குச் சின்னம் குத்தினே? என்னையும் சேர்த்துல்ல ஏமாத்தியிருக்கே."

"ஆமா. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவகிட்ட கேட்கமாட்டேன்."

"சாகக் கிடக்கிற மனுஷி, ஊலாயு."

"அதனாலதான் அவசரம்," என்றாள் ஊலாயு. "முத்திரை குத்தி ரசீது கொடுங்க."

விசாரணை பிப்ரவரியில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் தெற்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பெண் நீதிபதி, இரண்டு பக்கமும் இரண்டு செவிலியர்கள். ஈனிட் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சின்னத்தைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள், அந்த நெஞ்சழுத்தத்தை மட்டும் ஊலாயு மனதுக்குள் மெச்சினாள்.

மன்றத்தின் வக்கீல் ஓர் இளைஞர். அவருக்கு எல்லாவற்றையும் ஊலாயுவே எழுதிக் கொடுத்திருந்தாள். "நோயாளியிடம் தாய்மொழியில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மொழி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

இதுதான் கண்ணி. நன்றாகத் தெரியாது என்றால் கோப்பில் எழுதியது பொய். நன்றாகத் தெரியும் என்றால் தெரிந்தே செய்தது. ஈனிட்டுக்கும் இது புரியாமல் இல்லை. அவள் பார்வை ஊலாயுமேல் ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் எண்பது வருஷத்துக் கர்வம் லேசில் குனியுமா?

"அவங்களைவிட நல்லாத் தெரியும்," என்றாள்.

வக்கீல் ஒலிப்பதிவை ஓடவிட்டார். பல்வலித் தாத்தா மறுபடியும் வந்தார், கூட்டம் மறுபடியும் சிரித்தது. விசாரணை அறையில் யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் சொல்லி முடித்தபோது, பக்கத்துச் செவிலியர் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நீதிபதி முன்னால் சாய்ந்தாள். "செல்வி கார்ஸ்டேர்ஸ், இந்தப் பெண் தனக்குக் குழந்தை வேண்டும் என்றுதான் சொல்கிறாள் என்பது அன்றைக்கு உங்களுக்குத் தெரியாதா?"

"இல்லை," என்றாள் ஈனிட்.

"இல்லை என்றால்? தெரியாது என்கிறீர்களா, தெரியாமல் இல்லை என்கிறீர்களா?"

ஈனிட் வாயைத் திறந்தாள், மூடினாள். பிராணவாயு உருளையின் சீறல் மட்டும் கேட்டது. ஊலாயு அந்த மௌனத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"எட்டுப் பேர் ஒரே அறையில படுத்திருப்பாங்க," என்று கடைசியில் சொன்னாள் ஈனிட். "வருஷத்துக்கு ஒரு பிள்ளை, வருஷத்துக்கு ஒரு சவம். நீங்க யாரும் அங்க இருந்து பார்க்கல. இதுங்களுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பாங்க."

"கேட்டீர்களே," என்றாள் நீதிபதி. "முடியாது என்றுதான் சொன்னாள்."

மூன்று மணிக்குத் தீர்ப்பு. பதிவேட்டைக் கொண்டுவந்து, அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார்கள். ஈனிட் சின்னத்தைத் தானே கழற்றி மேஜையில் வைத்தாள். ஊலாயு இதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் அந்தக் கோடு ஒரு சாண் நீளம்கூட இல்லை.

நடைவழியில் ஈனிட்டின் நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்த பெண்ணைத் தூரப் போகச் சொன்னாள்.

"புத்தகத்துல அடிச்சிட்ட. திருப்தியா?"

ஊலாயு கையுறையை எடுத்து மாட்டினாள்.

"எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. டாக்டர் எனக்கு ஒரு மாசம்தான்னு சொல்லியிருக்கார். ஆனா உங்க ஊர்ல பானியோட மகள் மாசமா இருக்கா. பானிக்கு அவளைப் பிரசவம் பார்த்ததே நான்தான். நான் போனதும் பிறக்கிற பிள்ளைக்கு என் பேரை வைக்கிறதாப் பானி வாக்குக் கொடுத்திருக்கா. உங்க வாய்க்கு வர்றபடி ஈனிட்டின்னு கூப்பிடுவாங்க. உன் ஊருக்கே வந்து பிறப்பேன். பிறந்த பிள்ளைக்கு எல்லாரும் வந்து கை கொடுக்கணும்ல? நீயும் வந்து கொடுப்ப. அதை எந்த மை வெச்சு அடிப்ப?"

இதை அவள் இனுயிட் பாஷையில், ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். அவள் இதை நம்புகிறாள் என்பதுதான் ஊலாயுவுக்குச் சுருக்கென்றது. எங்கள் சாவையும் எங்கள் பிறப்பையும்கூட இவள் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தாள். அன்றைக்கு வென்றது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

மார்ச் முதல் வாரம் ஈனிட் செத்துப்போனாள். ஊலாயு அடுத்த விமானத்தில் நௌயாலிக் போய் இறங்கினாள். பிட்சியுலாக் பனி வண்டியோடு வந்திருந்தாள்.

"மதினி, வேண்டாம்," என்றாள், ஊலாயு வாயைத் திறப்பதற்கு முன்பே. "உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. செத்தவங்க பேரை மறிக்கிறது மகா பாவம். நம்மள்ல யாரும் செஞ்சதில்ல. பேர் கேட்டு நிக்கிற ஆவியோட மோதாதே."

"என் அம்மா பேரை அவ மறிச்சாளே."

"அதுக்குத்தான் புத்தகத்துல அடிச்சிட்டியே."

"அது அவங்க ஊரு தண்டனை. இது நம்ம ஊரு தண்டனை. மைக்கை மட்டும் குடு. பாவம் என்னோட போகட்டும்."

பிட்சியுலாக் நாத்தனார்தான், ஆனாலும் முப்பத்தைந்து வருஷம் இவள் கண்ணீரைப் பார்த்தவள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வானொலி அறைக்கு ஓட்டினாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நௌயாலிக்கில் எல்லா வீட்டிலும் வானொலி பேசும். யாருடைய வலை காணோம், யார் வீட்டில் கரிபூ மான் இறைச்சி மிச்சம் இருக்கிறது, யாருக்குப் பிறந்தநாள் என்று சொல்லி முடித்ததும் ஊலாயு உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டு வரவில்லை.

"நான் நிவியாக் மகள் ஊலாயு பேசறேன். எனக்கு ஏன் பிள்ளை இல்லைன்னு நீங்க யாரும் கேட்டதில்ல. மரியாதைக்குக் கேட்கல. இப்ப நானே சொல்றேன்."

சொன்னாள். துண்டில் விரல் துடைத்ததுவரை சொன்னாள். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"ஈனிட்டி செத்துட்டா. அவ பேரை வைக்கணும்னு சில பேர் நெனச்சிருக்கீங்க. அவ உங்களுக்கு மருந்து குடுத்தா, பல்லு பிடுங்கினா, பிரசவம் பார்த்தா, எல்லாம் நிஜம். ஆனா என் அம்மா முப்பத்தஞ்சு வருஷமா வாசல்ல நிக்கிறா. இவளும் நிக்கட்டும். யாரும் அந்தப் பேரை எந்தப் பிள்ளைக்கும் வைக்காதீங்க. கேட்கிறது பாவம்னு எனக்குத் தெரியும். கேட்கிறேன்."

பிட்சியுலாக் வழக்கம்போல், பேச விரும்புகிறவர்கள் கூப்பிடலாம் என்று எண்ணைச் சொன்னாள். அந்த வானொலியில் தொலைபேசி மணி ஓயாது, பாட்டுக்கு நடுவில்கூட அடிக்கும். அன்று அடிக்கவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு நிமிஷம் போயிற்று. ஊர் தன்னைக் கைவிட்டுவிட்டது என்று ஊலாயு நினைத்தாள். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மணி அடித்தது. வயதான குரல். "நான் ஆனிங்மியுக். எழுபத்திரண்டாம் வருஷம். என்கிட்டயும் வேண்டாமான்னு கேட்டா. நானும் ஆக்கான்னேன்." வைத்துவிட்டாள்.

மறுபடி மணி. "கௌனாக் பேசறேன். எழுபத்தஞ்சு. நானும்."

"என் அக்கா இப்ப இல்ல. அவளுக்காக நான் சொல்றேன். அவளும்."

ஊலாயு கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை காலம் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்களோடு மீன் பிடித்திருக்கிறாள், மாவு கடன் வாங்கியிருக்கிறாள், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியிருக்கிறாள். ஆளுக்கு ஆள் மரியாதை பார்த்து, ஒருத்திகூட இன்னொருத்தியைக் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. முன்னைவிடப் பத்து மடங்கு கோபம்தான் வந்தது.

பத்தாவது முறையாக மணி அடித்தது.

"பானி பேசறேன்," என்றது குரல். "மகள் பிறந்த மூணாம் நாள் கேட்டா. நான் ஆக்கான்னேன். அப்புறம் தெற்கே அனுப்பினா. அப்புறம் எனக்குப் பிள்ளையே தங்கல. என் ராசி அப்படின்னு இருந்தேன். வருஷா வருஷம் அவளுக்கு மீன் உலர்த்தி அனுப்பினேன், பிட்சியுலாக். போன மாசம்கூட அனுப்பினேன்." மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "நான் குடுத்த வாக்கை எடுத்துக்கறேன். ஊர் கேட்க எடுத்துக்கறேன்."

பானியின் மகளுக்கு ஏப்ரலில் குழந்தை பிறந்தது, பெண். ஊர் வழக்கப்படி பெரியவர் சின்னவர் எல்லாரும் வரிசையாகப் போய்க் குழந்தையின் கையைப் பிடித்துக் குலுக்கி, பெயர் சொல்லி வரவேற்றார்கள். ஊலாயு கடைசியில் போனாள். குழந்தை போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஊலாயு தன் கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"முதல்ல பேரைச் சொல்லுங்க," என்றாள்.

"இட்டூசார்துயுக்," என்றாள் பானி. "கடல்ல போன என் தம்பி."

"வேற பேர் ஏதாவது கூட வெச்சிருக்கா?"

"இல்ல. ஒண்ணுதான்."

ஊலாயு பானியின் கண்ணைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பையிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த வருஷம் நௌயாலிக்கில் பதினேழு பிள்ளைகள் பிறந்தன. ஈனிட்டி என்று ஒருவரும் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. தெற்கிலிருந்து ஈனிட்டின் உறவுக்காரி ஒருத்தி, அத்தை ஆசைப்பட்டபடி பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டு மருந்தகத்துக்குக் கடிதம் போட்டாள். கடிதம் கை மாறிக் கை மாறி ஊலாயுவிடம் வந்தது. அவள் இங்கிலீஷில், யாருக்கும் தப்பாகப் புரியாதபடி, முழு வாக்கியமாகவே பதில் எழுதினாள்: உங்கள் அத்தையின் பெயரை இங்கே எந்தக் குழந்தைக்கும் வைக்கவில்லை, இனியும் வைக்கமாட்டோம்.